போர்முனைக்குப் போன புகையிலை

1914 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் மாநகரிலே ஒரு நிதி திறக்கப்பட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ஒரே மகளும் அப்பொழுது பதினேழு வயதினருமான மேரி இளவரசி அந்நிதிக்குத் தம் பெயரை அளித்தார். போர் தொடங்கி மூன்று மாதங்கூட நிறைவுறவில்லை. நத்தார் தினத்தன்று கடலிலும் களத்திலும் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் நாட்டு மக்களின் பரிசு ஒன்று சென்று சேரவேண்டும் என்பது நோக்கம். முதலிலே தம் சொந்தப் பணத்தைக் கொண்டே இதனைச் செய்துவிட இளவரசி விரும்பினார். அது இயலாதென்று கண்டபின் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. மக்களும் தயங்காது கொடுத்தனர். சேர்ந்த தொகை 162,591 பவுண். கொடுத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சில்லறைக் காசு கொடுத்த எளியவர்கள்.

அந்தப் பணத்திற் செய்யப்பட்ட பொருள் ஒரு சிறு பித்தளைப் பேழை. நீளம் ஐந்து அங்குலம். மூடியின் நடுவில் இளவரசியின் முகம். மேலே 'பிரித்தானியப் பேரரசு' என்று இலத்தீன் மொழியில் எழுத்து. சுற்றிலும் நேச நாடுகளின் பெயர்கள். அந்தப் பெயர்களுள் ஜப்பானும் ஒன்று. இருபத்தேழு ஆண்டுகள் சென்றபின் அதே ஜப்பான் அதே பேரரசின் எதிரியாகி, 1942 ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டு போட்டதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். பித்தளையிற் பொறித்த நட்புக்கும் ஆயுள் அவ்வளவுதான்.

பேழைக்குள் என்ன இருந்தது? ஒரு சுங்கான், ஓர் அவுன்ஸ் புகையிலை, இருபது சிகரட்டுகள், ஒரு தீமூட்டி, ஒரு வாழ்த்து மடல், இளவரசியின் படம். புகைக்காதவனுக்குப் புளிப்பு இனிப்பு வில்லைகளும், காகிதமும் உறையும் பென்சிலும் அடங்கிய எழுதுபையும். தாதியருக்குச் சொக்கலேற்று. இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தென்னாபிரிக்காவிலே போயருடன் பொருதிய படையினருக்கு விக்டோரியா மகாராணியார் 1900 ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பரிசாக அனுப்பியது சொக்கலேற்றே. பதினான்கே ஆண்டுகளில் இனிப்பின் இடத்தைப் புகை பிடித்துக்கொண்டது.

நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது இனி வருவது. அந்த நத்தாருக்குப் பிரான்ஸ் நாட்டின் சேற்றுக்குழிகளில் வெள்ளையர் மட்டும் இருக்கவில்லை. லாகூர், மீரத் ஆகிய இரு படைப்பிரிவுகளைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மார்செய் துறைமுகத்தில் இறக்கப்பட்டு நேரே போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். வெப்ப நாட்டுக்கான பருத்தி உடையோடு வந்தவர்கள் அவர்கள். குளிர்காலத்துக்கான கம்பளி உடை அவர்களைத் தேடித் தாமதமாகவே வந்தது. பரிசுக் குழுவினர் இவர்களை மறக்கவில்லை. இவர்களுக்கென்று ஒரு தனி ஒழுங்கே வகுத்தனர். கூர்க்காக்களுக்கு வெள்ளையருக்குரிய அதே பரிசு. சீக்கியருக்குப் புகையிலை விலக்கப்பட்ட பொருளாதலால் கற்கண்டும், தகரப்பெட்டியில் வாசனைத் திரவியங்களும், மடலும். ஏனைய இந்தியருக்கு இவற்றோடு சிகரட்டும் உண்டு. போர்முனையிலே தோற்பையிலே தண்ணீர் சுமந்த பீஸ்திகளுக்கு வாசனைத் திரவியப் பெட்டியும் மடலும் மாத்திரம்.

சீக்கியரின் நம்பிக்கையை மதித்தமைக்காக அக்குழுவினரைப் பாராட்டலாம். ஆனால் பீஸ்திக்குக் கற்கண்டு ஆகாதென்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை. அவன் சண்டையிடும் சாதி அல்லன், தண்ணீர் சுமப்பவன். ஆகவே அவன் பேழையில் ஒரு பொருள் குறைந்தது. குண்டு அவனைத் தனியே பிரித்தறிந்து விலகிச் சென்றதாகத் தெரியவில்லை. கங்கா தின் என்ற பீஸ்தியைப் புகழ்ந்து கிப்ளிங் கவிதை பாடி அப்பொழுது இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கவிதையிற் கொடுத்த பெருமையைப் பண்டசாலையிற் கொடுக்க மனம் வரவில்லைப் போலும். பரிசு என்பது அன்பின் அடையாளம் என்பார்கள். இந்தப் பரிசுப் பட்டியலோ பேரரசின் சமூகப் படிக்கட்டை ஒவ்வொரு படியாக நமக்குக் காட்டித் தருகின்றது.

சிப்பாய்க்கு அன்று மாதச் சம்பளம் பதினொரு ரூபாய். வெள்ளைக் காலாட்படை வீரனுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங். உயிருக்கு அரசு குறித்த விலை இதுவாயிருக்க, அந்த விலையை உயர்த்துவது பற்றிய பேச்சைக் காட்டிலும் புகையிலை அனுப்புவது எவ்வளவோ எளிதாயிருந்தது. செலவும் அரசினுடையதன்று, வீட்டிலிருந்த தொழிலாளியின் காசு களத்திலிருந்த தொழிலாளிக்குப் போயிற்று. நன்றி மட்டும் அரண்மனைக்குப் போயிற்று.

முதல் நத்தாருக்குள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பேழைகள் விநியோகமாயின. பின்னர் சீருடை அணிந்த அனைவருக்கும், கைதிகளுக்கும், இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் என்று திட்டம் விரிந்தது. மொத்தத் தொகை இருபத்தைந்து இலட்சத்தைத் தாண்டியது. பித்தளைக்குப் பஞ்சம் வந்தது. எறிகுண்டு செய்வதற்கு வேண்டிய உலோகமும் அதுவே அல்லவா? அமெரிக்காவிலிருந்து வந்த பித்தளையின் ஒரு பெரும் பகுதி 1915 மே மாதத்தில் லூசிற்றேனியா கப்பலோடு கடலில் அமிழ்ந்தது. மகனை இழந்த தாயின் கைக்கு அவனுக்குரிய பேழை வந்து சேர்ந்த காட்சியை எண்ணிப் பார்க்கின்றோம். அதில் இருந்த மடல் அவனுக்கு நல்ல நத்தாரை வாழ்த்தியது.

இத்தனையும் சொன்னபின் ஒன்றை நாம் மறைத்தலாகாது. களத்தில் நின்றவனுக்குப் புகையிலை உண்மையாகவே வேண்டியிருந்தது. பிணநாற்றத்தை அது மறைத்தது. நடுங்கும் கைக்கு ஒரு வேலை கொடுத்தது. விடியலில் ஏணியில் ஏறுமுன் எஞ்சிய சில நிமிடங்களை நிரப்பியது. ஜேர்மனியர் பக்கமும் இவ்வாறே. அங்கே இத்தகைய பொதிகளை 'அன்புக் கொடைகள்' என்று அழைத்தனர். 1914 நத்தாரன்று இரு தரப்பினரும் குழிகளை விட்டு வெளியேறி நடுநிலத்தில் சந்தித்தபோது கைமாறிய பொருள்களுள் முதன்மையானது புகையிலையே. ஆங்கிலேயன் தன் சிகரட்டைக் கொடுத்து ஜேர்மனியனின் சுருட்டைப் பெற்றுக்கொண்டான். ஒருவனையொருவன் கொல்லும்வரை மனம் தளராதிருக்கவேண்டுமென்று இரண்டு அரண்மனைகளும் அனுப்பிய பொருள், ஒரு பகற்பொழுதேனும், அனுப்பியவர்கள் எண்ணாத வேலையைச் செய்தது. மேலதிகாரிகள் விரைந்து இத்தகைய உறவாடலைத் தடைசெய்தனர். புகையிலை அனுப்புவதை எவரும் தடைசெய்யவில்லை.

அரண்மனை காட்டிய வழியிற் பத்திரிகைகளும் புகுந்தன. 'வீக்லி டிஸ்பாச்' என்ற வாரப் பத்திரிகை நடத்திய புகையிலை நிதிக்காக பேர்ட் தோமஸ் என்ற ஓவியர் 1914 நவம்பரில் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். சண்டைக்கு நடுவே, கெய்சரைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுத் தன் சுங்கானைப் பற்றவைக்கின்றான் ஒரு சிப்பாய். அந்த ஒரு படத்தால் இரண்டரை இலட்சம் பவுண் வரையில் திரண்டதென்பர். வேறு நிதிகளும் இருந்தன. சில நிதிகள் பொதியோடு ஒரு தபாலட்டையையும் வைத்து அனுப்பின. கொடுத்தவரின் முகவரி அதில் முன்னரே எழுதப்பட்டிருக்கும். பெற்றவன் நன்றி கூறிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். உயிரைப் பணயம் வைத்தவன் இருபது சிகரட்டுக்கு நன்றிக்கடன்பட்டவனாயினான். பத்திரிகைக்கு விற்பனை, புகையிலைக் கம்பனிக்கு நாட்டுப்பற்றின் பெயரால் ஒரு சந்தை. போருக்கு முன் சுங்கான் புகைத்தவர்களும் புகைக்காதவர்களும் குழிகளிலே சிகரட்டைப் பழகினர். சில நிமிடத்தில் முடித்துவிடக் கூடியது அதுவே.

ஐக்கிய அமெரிக்கா 1917 இல் போரில் இறங்கியபோது அங்கு நிலைமை வேறாயிருந்தது. சிகரட் விற்பனையைச் சட்டத்தால் தடுத்த மாநிலங்களும் அந்நாட்டில் இருந்தன; ஒழுக்கச் சங்கங்கள் அதனை மதுவின் தம்பி என்று கண்டித்து வந்தன. போர் இந்தக் குரலை ஓராண்டிலே அடக்கிவிட்டது. பத்திரிகைகள் நிதி திரட்டின. தளபதி பேர்ஷிங் புகையிலையை வற்புறுத்திக் கேட்டார். 1918 இல் அது படைவீரனின் நாளாந்தப் பங்கீட்டிலே சேர்ந்தது. 'புல் டேர்ஹம்' புகையிலையின் உற்பத்தி முழுவதையும் அரசே வாங்கியது. சிகரட்டைப் பாவமென்று போதித்து வந்த கிறித்தவ வாலிபர் சங்கம் பிரான்சிலே தன் கடைகளில் அதனை விற்றது. அவ்வாறு விற்கப்பட்ட பெட்டிகள் சிலவற்றைத் திறந்தபோது, இது இன்ன பத்திரிகை வாசகரின் இலவச அன்பளிப்பு என்ற சீட்டு உள்ளே கிடந்தது! படைப் பண்டசாலையிலே சரக்குகள் கலந்து போனமையால் நேர்ந்த தவறு என்று விளக்கம் கூறப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய வீரர்கள் அவ்விளக்கத்தால் மனம் ஆறினார்களில்லை.

பிரித்தானியப் படையிலே ஸ்ரடேட் கெனடி என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். காயமுற்றோருக்கும் சாகக் கிடந்தோருக்கும் 'வூட்பைன்' சிகரட் கொடுத்து வந்தமையால் 'வூட்பைன் வில்லி' என்றே அவர் அழைக்கப்பட்டார். போர் முடிந்தபின் அவர் போரையே எதிர்த்துப் பேசினார். தொழிலாளர் துயரைப் பேசினார். 1929 இல் தமது நாற்பத்தைந்தாவது வயதில் இறந்தார். சிகரட் கொடுத்தவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க நமக்கு மனம் வரவில்லை.

கணக்கு வந்து சேர ஒரு தலைமுறை பிடித்தது. 1950 செப்டெம்பரில் டொல், ஹில் என்ற இரு ஆய்வாளர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சுவாசப்பைப் புற்றுநோயுற்ற ஆண்கள் 649 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் புகைக்காதவர் இருவர். அந்நோயாளரிற் பெரும்பாலோர் முதலாம் போரின் காலத்திலே சிறுவராகவோ இளைஞராகவோ இருந்த வயதினர். பழகும் வயதில் அவர்களைச் சூழ்ந்திருந்த காற்று எத்தகையதென்பதை மேலே கண்டோம். ஓராண்டு கழித்து, 1951 செப்டெம்பரில், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் இடது சுவாசப்பை அறுத்து அகற்றப்பட்டது. நோய் புற்று என்பது அப்பொழுது குடிமக்களுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த பெப்ரவரி 6 ஆம் நாள் அவர் இறந்தார். அவர் பெரும் புகைப்பாளர். மேரி இளவரசியின் தமையன்.

இரண்டாம் போரில் இவையனைத்தும் பன்மடங்கு பெரிய அளவில் மீண்டும் நடந்தன. அமெரிக்கப் படையின் உணவுப் பொதியிலே ஒவ்வொரு வேளைக்கும் சிகரட் இருந்தது. அந்நாட்டின் அரச வைத்தியத் தலைவர் 1964 இல் புகையின் கேட்டை அறிக்கையாக வெளியிட்ட பின்னரும், வியட்னாமுக்குச் சென்ற உணவுப் பொதிகளிற் சிகரட் இருந்தது. 1975 இலேதான் அது நீக்கப்பட்டது. அப்பொழுது வியட்னாம் போர் முடிந்துவிட்டது.

நிதிகள் ஓய்ந்தாலும் வீட்டார் அனுப்புவது ஓயவில்லை. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தாய்மாரும் மனைவிமாரும் அனுப்பிய பொதிகளிலே புகையிலையும் போயிற்று. 2010 இல் அமெரிக்கா தபால்மூலம் சிகரட் அனுப்புவதைச் சட்டத்தால் தடுத்தபோதும், வயது வந்தவர்கள் தமக்குள் அனுப்பும் சிறு அன்பளிப்புகளுக்கு விலக்கு அளித்தது: முப்பது நாளிற் பத்துப் பொதிகள், ஒவ்வொன்றும் பத்து அவுன்ஸுக்கு மேற்படாமல். 2019 டிசெம்பரில் வந்த மற்றொரு சட்டம் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலை விற்கலாகாதென்றது. படைவீரருக்கு அதில் விலக்கு இல்லை. படையிலே சேர்வதற்குரிய வயது அங்கே பதினெட்டு. பெற்றோர் சம்மதித்தாற் பதினேழு.