எட்டடிக் கோடும் எளிய மனிதரும்

விளையாட்டின் வரலாறு என்றவுடன் பெரும் திடல்களும் அரசர் கையால் வழங்கப்பெறும் கிண்ணங்களுமே பலர் நினைவில் எழுகின்றன. ஆயினும், பகலெல்லாம் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த மனிதன் மாலையில் சற்றே களைப்பாற நாடிய சிறு விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. அத்தகையதுதான் இங்கிலாந்தின் டார்ட்ஸ் எனப்படும் அம்பெறி ஆட்டம். அந்த ஆட்டத்தை நாடறியச் செய்த பெருமை, ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ என்னும் ஞாயிறு இதழ் நடத்திய தனிநபர் வாகையர் போட்டியையே பெரிதும் சாரும்.

ஆட்டத்தின் விதிகள் எளியவை. 1 முதல் 20 வரை எண்ணிட்ட வட்டப் பலகையை நோக்கி ஆட்டக்காரர் முறைக்கு மூன்று அம்புகள் எறிவார். 501 புள்ளிகளில் தொடங்கி, பெற்ற புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகச் சுழியத்தில் முடிக்க வேண்டும். இறுதி அம்பு, பலகையின் வெளிவிளிம்பிலுள்ள இரட்டிப்பு வளையத்திலோ பலகையின் நடுப்புள்ளியிலோதான் தைக்க வேண்டும். விரலகலமே உள்ள அவ்வளையத்தில் கை நடுங்காது எறிவதே ஆட்டத்தின் உயிர்நிலை.

1927ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் வட்டாரத்தில் இப்போட்டி தொடங்கியது. அவ்வாண்டில் கலந்துகொண்டோர் சுமார் 1,000 பேர். ஹோல்போர்ன் ஹாலில் நடந்த இறுதியாட்டத்தில் சேம்மி ஸ்டோன் என்பவர் வென்று முதல் வாகையரானார். தொழிலாளர் வீடுகளில் பெரிதும் படிக்கப்பட்ட இதழ் ஒன்று, அத்தொழிலாளர் கூடும் மதுக்கூடங்களில் ஆடப்பட்ட ஆட்டத்தைத் தன் பெயரால் வளர்க்க முற்பட்டதில் வணிக நோக்கமும் இருந்தது. மக்களின் நாடி அறிந்த நுட்பமும் இருந்தது.

1930களில் போட்டி பல வட்டாரங்களுக்கும் பரவியது. 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் சிலவ் நகரின் சமூக மன்றத்துக்கு வருகை தந்தபோது அம்பெறிந்து பார்த்தனர். எளியோர் ஆட்டத்துக்கு அதனால் புது மதிப்பு ஏற்பட்டது. 1938–39ஆம் பருவத்தில் போட்டியாளர் தொகை 280,000ஐத் தாண்டியது. 1939இல் இலண்டன் இஸ்லிங்டன் வேளாண் மண்டபத்தில் நடந்த வட்டார இறுதியாட்டத்தைக் காண 14,534 பேர் திரண்டனர். பெரும்புகழ் பெற்ற ஜிம் பைக்கை மார்மடியூக் பிரெக்கன் என்பவர் அன்று வென்றார். புகழ் ஒரு பக்கமும் வெற்றி மறுபக்கமும் நிற்பது இப்போட்டியின் இயல்பு என்பதை அன்றே மக்கள் கண்டனர்.

உலகப் போர் குறுக்கிட்டதால் போட்டி தடைப்பட்டது. போருக்குப் பின், 1947–48ஆம் பருவத்தில், அது நாடளாவிய போட்டியாக மறுபிறப்பெடுத்தது. முதல் தேசிய வாகையர், செயின்ட் ஹெலன்ஸ் நகரின் விண்டில் தொழிற்கட்சி மன்றத்தைச் சேர்ந்த ஹாரி லெட்பெட்டர். இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வெல்பவர் பெயரோடு அவர் ஆடத் தொடங்கிய மன்றத்தின் அல்லது மதுக்கூடத்தின் பெயரும் ஏட்டில் பதிவாகும். 1954இல் வேல்ஸ் நாட்டின் ஒன்லுவின் ஊர் முன்னாள் படைவீரர் மன்றமும், 1972இல் கார்ன்வாலின் பார் என்னும் சிற்றூர் மதுக்கூடமும் இவ்வாறே நாடறிந்த பெயர்களாயின. வெற்றி தனிமனிதனுக்கு மட்டும் உரியதன்று, அவனை வளர்த்த ஊருக்கும் உரியது என்பதை இவ்வழக்கம் நிலைநாட்டியது.

போட்டியின் அமைப்போ இரக்கமற்றது. உள்ளூர் மதுக்கூடத்தில் வென்றவர் பகுதிக்கும், பின் மாவட்டத்துக்கும், பின் வட்டாரத்துக்கும் படிப்படியாக ஏற வேண்டும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் மேலே செல்வார். தோற்றவர் வீடு திரும்புவார். அம்பெறியும் கோடு பலகையிலிருந்து 8 அடித் தொலைவில் இருந்தது. பிற போட்டிகள் அக்கோட்டை அருகே நகர்த்திய பின்னரும் இப்போட்டி நெடுங்காலம் அதை மாற்றவில்லை.

இத்துணைக் குறுகிய ஆட்டத்தில் பெயர் பெற்றவருக்கும் பெயரற்றவருக்கும் இடைவெளி மிகச் சிறிது. 1948 முதல் 1977 வரையிலான முப்பது ஆண்டுகளில் இருமுறை வாகை சூடியோர் டாம் கிப்பன்ஸ், டாம் ரெடிங்டன், டாமி பாரெட் ஆகிய மூவரே. அவருள் அடுத்தடுத்த ஆண்டுகளில், 1964இலும் 1965இலும், வென்றவர் பாரெட் ஒருவரே. மும்முறை வென்றவர் போட்டியின் வரலாறு முழுவதிலும் எவருமிலர். 1978இல் முதல் உலகத் தொழில்முறை வாகையரான லெய்டன் ரீஸுக்கும் இவ்வாகை கிட்டவேயில்லை.

1970களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி இப்போட்டியை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அலெக்சாண்டிரா மாளிகையில் ஆயிரக்கணக்கானோர் எழுப்பிய ஆரவாரத்தை நாடு கண்டது. 1978இல் சுவீடன் நாட்டு ஸ்டெஃபான் லார்ட் வென்று முதல் அயல்நாட்டு வாகையரானார். 1980இல் மீண்டும் வென்றார். ஆனால் தொலைக்காட்சி தந்த ஒளியே நிழலையும் தந்தது. விளம்பர நிறுவனங்களின் பெரும் பரிசுத் தொகையோடு புதிய போட்டிகள் எழுந்தன. அவை நீண்ட ஆட்டங்களை விரும்பின. மக்கள் முகமறிந்த வீரர்கள் இறுதிவரை திரையில் நிற்பதை விரும்பின. எவரும் எவரிடமும் தோற்கக்கூடிய மூன்றாட்டப் போட்டி அவ்வணிகத்துக்குப் பொருந்தவில்லை.

எரிக் பிரிஸ்டோ 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் வென்றதுபோல், தொழில்முறை வீரர் சிலரும் இவ்வாகையை அரிதெனப் போற்றினர். எனினும் 1980களின் இறுதியில் தொலைக்காட்சி நிறுவனங்கள் அம்பெறி ஆட்டத்தைப் பெரிதும் கைவிட்டன. 1990ஆம் ஆண்டோடு போட்டி நின்றது. 1997இல் ஒருமுறை உயிர்ப்பிக்கப்பட்டபோது ஃபில் டெய்லர் வென்றார்; அதன்பின் அது தொடரவில்லை. 1843இல் பிறந்த அந்த இதழும், பிறர் தொலைபேசிச் செய்திகளைக் களவாக ஒட்டுக்கேட்ட குற்றம் அம்பலமானதால், 2011 ஜூலையில் மூடப்பட்டது.

மக்கள் விளையாட்டு ஒன்று தனியார் நிறுவனத்தின் நிழலில் வளரலாம். அந்நிழல் நீங்கும்போது தானும் வாடக்கூடும் என்பது இவ்வரலாறு தரும் எச்சரிக்கை. அதனினும் பெரிய பாடம் ஒன்றும் இதில் உண்டு. தகுதிப் பட்டியலும் அழைப்பிதழும் கேளாமல், ஊர் மன்றத்தின் பலகை முன் நிற்கும் எவனுக்கும் நாட்டின் முதன்மை மேடை வரை வழி திறந்து வைத்த போட்டி இது. சென்ற ஆண்டின் வாகையரும் இவ்வாண்டில் அதே கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. பெரும்பணமும் பெரும்புகழும் சேர்ந்த இற்றைநாள் ஆட்டத்தில் திறன் வளர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைக்கோடி மனிதனையும் முதல் வரிசை வீரனையும் ஒரே கோட்டில் நிறுத்திய அந்தச் சமநீதி, ஒருமுறை இழந்தபின் எளிதில் மீட்கக்கூடிய செல்வமன்று.