ஒரே பயணத்தில் போன புளிப்பும் பன்றியும்

கியூபாவில் டிசம்பர் 24 இரவு விருந்துக்குத் தலைமை பன்றி இறைச்சிதான். முழுப் பன்றியைச் சுட்டாலும், சாதாரண நாளில் எலும்போடு சாப்ஸ் வறுத்தாலும், ஊறவைக்கும் கலவை ஏறக்குறைய ஒன்றே: உப்போடு இடித்த பூண்டு, சீரகம், ஓரிகனோ, புளிப்பும் கசப்புமான ஆரஞ்சின் சாறு. அந்த ஆரஞ்சு கியூபா மண்ணில் பிறந்ததல்ல. காந்தி மார்க்கெட்டில் நாரத்தங்காய் பொறுக்கும் திருச்சிக்காரர்களுக்கு அது தூரத்துச் சொந்தம்.

அசாம், வட மியான்மர், யுன்னான் சூழ்ந்த இமயமலையின் தென்கிழக்குச் சாரலே எலுமிச்சைக் குடும்பத்தின் தாய்வீடு என்கிறது 2018இல் வெளியான மரபணு ஆய்வு. பம்பளிமாசும் கமலா ஆரஞ்சு இனமும் கலந்து பிறந்தது புளிப்பு ஆரஞ்சு. நாரத்தை என்ற பெயரில் நம் ஊர்களில் விற்கும் காய்கள் எல்லாம் ஒரே இனமல்ல. ஆனாலும் அதே குடும்பம். நாரத்தையின் தோலையும் கசப்பையும் வீணாக்காமல் காப்பாற்றியது நம் சமையல். ஸ்ரீரங்கத்து வீடுகளில் காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்படைத்து, வெயிலில் காயவைத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். இலையும் வீண்போகாது, மிளகாய், பெருங்காயத்தோடு இடித்தால் வேப்பிலைக்கட்டி.

புளிப்பு ஆரஞ்சை மேற்கே கொண்டுபோனவர்கள் அரபியர். ஹிஜ்ரி 300க்குப் பிறகு, அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து ஓமானுக்கும் அங்கிருந்து பஸ்ராவுக்கும் சிரியாவுக்கும் ஆரஞ்சு போனதாக அரபு வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி எழுதினார். இந்திய மண்ணும் காற்றும் இல்லாததால் அதன் மணம் குறைந்துவிட்டது என்றும் வருந்தினார். பின்னர் அது ஸ்பெயினை அடைந்து செவில் நகரத்து முற்றங்களில் வேரூன்றியது. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவுக்கு வந்தது அதற்கும் பல நூற்றாண்டுகள் கழித்து.

1493இல் கொலம்பஸ் 17 கப்பல்களோடு இரண்டாம் முறை புறப்பட்டார். வழியில் கானரித் தீவுகளில் லா கோமேராவில் நின்றபோது எட்டுப் பன்றிகளையும் ஆரஞ்சு, எலுமிச்சை விதைகளையும் ஏற்றிக்கொண்டதாக ஸ்பானிய வரலாற்றாசிரியர் லாஸ் காசாஸ் பதிவுசெய்திருக்கிறார். பின்னாளில் ஒரே சட்டியில் சேரப்போகும் இரண்டும் ஒரே பயணத்தில் கடல் கடந்தன. ஸ்பானியர் 1511இல் கியூபாவைப் பிடிக்கத் தொடங்கினார்கள். பன்றிகள் அங்கே முப்பதாயிரமாகப் பெருகிவிட்டதாக 1514லேயே ஆளுநர் வெலாஸ்கெஸ் மன்னருக்கு எழுதினார். இறைச்சியைப் பூண்டிலும் புளிப்பிலும் ஊறவைப்பது ஐபீரியப் பழக்கம். தீவில் தழைத்த ஆரஞ்சு அந்தப் புளிப்பைத் தந்தது.

அதே பழக்கத்தைப் போர்த்துக்கீசியர் கிழக்கே கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பூண்டும் வினிகரும் மிளகாயும் சேர்ந்து அது விந்தாலூ ஆனது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களோடு ரயில்வே குடியிருப்புகளுக்குப் பரவியது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இடம்பெயர்ந்த பொன்மலை, திருச்சியின் ஆங்கிலோ-இந்தியர் வாழ்வோடு பின்னிய ஊர். காவிரிக்கு வடக்கே நாரத்தை, தெற்கே புளிப்பில் ஊறிய இறைச்சி: கியூபாவின் ஒரு தட்டில் சேர்ந்தவை இங்கே ஒரே நகரின் இரு கரைகளில் தனித்தனியே வாழ்கின்றன. இரண்டு மரபையும் மதிக்கிற ஊர் என்பது திருச்சியின் செல்வம்.

கியூபாவின் அந்தச் சாப்ஸை இங்கே சமைப்பதும் எளிது. சாறுள்ள புளிப்பு ஆரஞ்சு கிடைக்காவிட்டால் இரண்டு பங்கு ஆரஞ்சுச் சாற்றோடு ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு கலக்கலாம். ஓரிகனோவுக்குப் பதில் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியே போதும். கியூபன் ஓரிகனோ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படுவது அதுதான். சாப்ஸை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்தால் போதும்; அதற்குமேல் போனால் புளிப்பு மேற்பரப்பைக் குழையச் செய்துவிடும். ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டால்தான் சிவக்கும். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை வேகவிடுவது பாதுகாப்பு.

கியூபாவில் இதற்குத் துணை சோறும் கறுப்பு பீன்ஸும் வறுத்த வாழைப்பழமும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கும் திருச்சியில் வாழைக்கும் சோற்றுக்கும் குறையில்லை. பீன்ஸ் கிடைக்காத நாளில் தட்டைப்பயறு அந்த இடத்தை நிறைவாக நிரப்பும்.