கற்பிக்க முடியாததைக் கற்பித்தவர்கள்

வியாபார நிர்வாகத்தையும் ஒரு சாஸ்திரமாக வகுத்துச் சர்வகலாசாலையில் போதிக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றிய நாளில், அதைக் கற்க வருகிறவர்களைத் தனியே ஒரு பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. பிலடெல்பியாவில் 1881இல் வார்ட்டன் பள்ளி ஏற்பட்டது. பட்டம் பெற்றவர்கள் மேற்கொண்டு படிப்பதற்கென்றே டார்ட்மத் கல்லூரியில் டக் பள்ளி 1900இலும், ஹார்வர்டு சர்வகலாசாலையில் வியாபாரப் பள்ளி 1908இலும் தோன்றின. வந்தவர் எந்தக் கல்லூரியில் படித்தார், என்ன மதிப்பெண் வாங்கினார், அவரைப் பற்றிப் பெரிய மனிதர்கள் என்ன எழுதித் தந்திருக்கிறார்கள் என்பவற்றைக் கொண்டே பள்ளிகள் தீர்மானித்துவந்தன. விண்ணப்பம் செய்கிறவர்கள் சிலராகவும், அவர்கள் படித்த கல்லூரிகள் பழக்கமானவையாகவும் இருந்தவரையில் அது போதுமானதாயிருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் அந்த நிலைமையை மாற்றியது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1944இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பயனாக, அதுவரை உயர்கல்வியின் பக்கமே தலைவைத்துப் படுத்தறியாத குடும்பங்களின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். அவர்களிற் பலர் பட்டம் பெற்றுத் தொழில்துறைப் பள்ளிகளின் வாசலில் வந்து நின்றார்கள். ஐயோவாவின் ஒரு சிறு கல்லூரியில் எண்பது வாங்கியவனும் நியூயார்க்கின் ஒரு பெரிய கல்லூரியில் எழுபது வாங்கியவனும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிட்டால், இருவரையும் எந்த அளவுகோலால் அளப்பது? இந்தச் சங்கடத்துக்கு விடை காண 1953இல் ஒன்பது வியாபாரப் பள்ளிகள், ஹார்வர்டும் கொலம்பியாவும் சிக்காகோவும் உள்ளிட்டவை, பிரின்ஸ்டன் நகரத்தில் 1947இல் நிறுவப்பட்டிருந்த கல்விப் பரீட்சை ஸ்தாபனத்துடன் கலந்து ஒரு பொதுப் பரீட்சையை வகுத்தன. அது 1954 பிப்ரவரியில் முதல் தடவையாக நடந்தது. முதல் வருஷத்தில் அதை எழுதியவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்தான். அதற்கு இருந்த நீண்ட பெயரை 1976இல் மாற்றினார்கள். இன்று உலகெங்கும் ஜிமேட் என்று வழங்குகிற பரீட்சை அதுவே.

இந்தப் பரீட்சையை வகுத்தவர்களின் மனத்தில் ஒரு சித்தாந்தம் இருந்தது. அதை அறிந்துகொண்டாலன்றிப் பிற்பாடு நடந்தவை விளங்கா. முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த பதினேழு லட்சம் பேருக்குப் புத்திப் பரீட்சை வைத்த மனோதத்துவ நிபுணர்களிடமிருந்து வந்த பரம்பரை அது. அவர்களில் ஒருவரான கார்ல் பிரிகாம் என்பவரே கல்லூரிப் பிரவேசத்துக்கான எஸ்.ஏ.டி. பரீட்சையை 1926இல் உருவாக்கினார். மனிதனுடைய ஆற்றல் பிறவியிலேயே அமைவது. அதைக் கேள்விகளால் அளக்கலாமேயன்றிப் பயிற்சியால் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பது அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை. பிரிகாம் அந்தப் புத்திப் பரீட்சைகளைக் கொண்டு ஜாதியினங்களைப் பற்றித் தாம் எழுதியவை ஆதாரமற்றவை என்று 1930இல் தாமே பகிரங்கமாக எழுதியது அவருக்குப் பெருமை. ஆனால் பயிற்சியால் பயனில்லை என்ற நம்பிக்கை மட்டும் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. விசேஷமாகத் தயார் செய்துகொள்வது வீண் செலவு என்று பரீட்சை நடத்துகிறவர்கள் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் திரும்பத் திரும்ப எடுத்துச்சொல்லி வந்தார்கள்.

அதை ஏற்க மறுத்த ஒரு வாலிபர் புரூக்ளினில் இருந்தார். ஸ்டான்லி காப்லன் 1919இல் பிறந்தவர். குடியேறிவந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. தம் வீட்டு நிலவறையில் 1938 முதல் அண்டை அயலாரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார். வைத்தியம் படிக்க ஆசைப்பட்டு அவர் அனுப்பிய மனுக்களை நியூயார்க்கின் வைத்தியக் கல்லூரிகள் எல்லாம் நிராகரித்தன. தாம் யூதர் என்பதும், நகரசபையின் இலவசக் கல்லூரியில் படித்தவர் என்பதுமே அதற்குக் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். பொதுப் பரீட்சை ஒன்று அன்று இருந்திருந்தால் தம்மை யாரும் அப்படி ஒதுக்கியிருக்க முடியாது என்று அவர் சொல்லிவந்ததை நாம் கவனிக்க வேண்டும். பரீட்சைக்குப் பயிற்சி கொடுத்தே செல்வம் சேர்த்த அவர் பரீட்சையின் விரோதி அல்லர். அதன்மேல் மிகுந்த பக்தி கொண்டவர். அந்த வாசல் உண்மையிலேயே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டுமானால், அதற்குள் நுழையும் வழியைச் சொல்லித்தர ஒருவன் வேண்டும் என்பதே அவருடைய கட்சி.

எஸ்.ஏ.டி. பரீட்சைக்கான பாடத்தை 1946இல் தொடங்கினார். பழைய வினாத்தாள்கள் வெளியே வராத காலம் அது. பரீட்சை முடிந்ததும் எல்லாத் தாள்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு விடுவார்கள். ஆகவே காப்லன் ஓர் உபாயம் செய்தார். பரீட்சை எழுதிவிட்டு வரும் மாணவர்களுக்குத் தம் இடத்தில் விருந்து வைப்பார். விருந்துக்கு வருகிற ஒவ்வொருவரும் நினைவில் தங்கிய ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். அப்படித் திரண்ட கேள்விகளைக் கொண்டு அவற்றின் ஜாதியையும் போக்கையும் ஆராய்ந்து, அதே அச்சில் புதிய கேள்விகளைத் தாமே இயற்றி அடுத்த வருஷத்து மாணவர்களுக்குக் கொடுப்பார். கேள்விகளை உருப்போடச் செய்வது அவர் முறையல்ல. ஒரு கணக்கைத் தவறாகச் செய்த பையன் எந்த இடத்தில் அவசரப்பட்டான், எந்த நிபந்தனையைப் படிக்காமல் விட்டான் என்பதை அவனே கண்டு சொல்லும்வரை விடமாட்டார் என்பார்கள். பிற்பாடு சட்டப் பள்ளி, வைத்தியப் பள்ளி, வியாபாரப் பள்ளி ஆகியவற்றின் பரீட்சைகளுக்கும் அவருடைய வகுப்புகள் நாடெங்கும் பரவின.

வியாபாரப் பள்ளிகளின் விஷயத்தில் பரீட்சையின் மதிப்பை உயர்த்திய நிகழ்ச்சி ஒன்று 1959இல் நடந்தது. ஃபோர்டு ஸ்தாபனமும் கார்னகி ஸ்தாபனமும் தனித்தனியே நடத்திய இரண்டு விசாரணைகளின் அறிக்கைகள் அவ்வருஷம் வெளிவந்தன. வியாபாரப் படிப்பின் தரம் தாழ்ந்திருக்கிறது, அதற்கு வருகிற மாணவர்களின் தரமும் தாழ்ந்திருக்கிறது என்று இரண்டும் தாட்சணியமின்றிக் கூறின. வெட்கமுற்ற பள்ளிகள் பாடத்திட்டத்தைத் திருத்தியதோடு பிரவேசத்தையும் கடினமாக்கின. 200 முதல் 800 வரை சென்ற, அந்தப் பரீட்சையின் மூன்றிலக்க மதிப்பெண் ஒரு வாலிபனின் விதியை நிர்ணயிக்கும் எண்ணாக மாறத்தொடங்கியது அப்போதுதான். அதே ஃபோர்டு ஸ்தாபனத்தின் உதவியோடு 1961இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய நிர்வாகக் கல்வி நிலையங்கள் எழுந்தன என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஜிமேட் பரீட்சைக்கே உரிய விசேஷமான கேள்வி ஒன்று உண்டு. டேட்டா சஃபிஷியன்சி என்பார்கள். சாதாரணக் கணக்கில் விடை காண வேண்டும். இதில் விடை காண வேண்டியதில்லை, கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு முழு எண் ஒற்றைப்படையா என்று கேட்டு, இரண்டு தகவல் தருவார்கள். அந்த எண்ணை மூன்றால் பெருக்கினால் ஒற்றைப்படை எண் வரும் என்பது முதல் தகவல். அது போதும், ஏனெனில் இரட்டைப்படை எண்ணை எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் இரட்டைப்படையே வரும். அந்த எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் இரட்டைப்படை எண் வரும் என்பது இரண்டாவது தகவல். ஏதோ பெரிய விஷயம் போல் தோன்றும் இது உண்மையில் ஒன்றும் சொல்லவில்லை. எந்த முழு எண்ணுக்கும் அது பொருந்தும். கல்லூரியில் கணக்கில் முதலாக வந்த பிள்ளைகள்கூட முதல் வாரத்தில் இங்கே வழுக்கி விழுகிறார்கள். தெரிந்தவற்றில் எது பயனுடையது, எது வெறும் ஓசை, இன்னும் எதைக் கேட்டறிய வேண்டும் என்று நிதானிப்பது ஒரு நிர்வாகிக்கு வேண்டிய குணம்தானே? அந்தக் குணத்தை ஒரு கணக்கின் வடிவில் வைத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சில மாத அப்பியாசத்தால் அந்த நிதானம் படிந்துவிடுகிறது என்பதை எந்த உபாத்தியாயரும் அறிவார். பிறவிக் குணம் என்று கருதப்பட்டது பழக்கத்தால் வந்து சேர்கிறது என்றால், அதைக் கல்வி என்று அழைப்பதில் என்ன தடை இருக்கிறது?

பயிற்சியால் பயன் உண்டா என்ற இந்த வழக்கு கடைசியில் அரசாங்கத்தின் முன்னாலேயே வந்தது. பயிற்சி நிலையங்கள் பொய் விளம்பரம் செய்கின்றனவா என்று ஆராயப் புகுந்த அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன், பயிற்சியால் மதிப்பெண் உயரவே செய்கிறது என்னும் முடிவோடு 1979இல் அறிக்கையை வெளியிட்டது. அதே வருஷத்தில் நியூயார்க் மாகாணச் சட்டசபை, பிரவேசப் பரீட்சைகளின் கேள்விகளும் விடைகளும் பரீட்சைக்குப் பின் மாணவர்களுக்குத் தெரியப்படுத்தப்பட வேண்டும் என்று சட்டம் செய்தது. ஒளித்துவைத்த வினாத்தாள்களின் காலம் அத்துடன் போயிற்று. மாணவர்கள் ஓ.ஜி. என்று சுருக்கமாக அழைக்கும் அஃபிஷியல் கைடு, பழைய பரீட்சைகளின் மெய்யான கேள்விகளை நூற்றுக்கணக்கில் தாங்கிக்கொண்டு கடைகளுக்கு வந்தது. பயிற்சி பயனற்றது என்று சொன்னவர்களே பயிற்சிப் புத்தகத்தை வெளியிட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நியாயம் தாமதமாகவேனும் வந்தது என்றே கொள்கிறேன். வகுப்புக்குப் பணம் கட்ட வழியில்லாத பையனுக்கு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த ஒரு புத்தகமே குருவாயிற்று. காப்லனையும் 1983இல் எஸ்.ஏ.டி. பரீட்சைக்கு உரிய கல்லூரிப் பரீட்சைச் சபையார் தங்கள் வருஷாந்திர மகாநாட்டில் பேச அழைத்தார்கள். மறுவருஷம் அவர் தம் ஸ்தாபனத்தை வாஷிங்டன் போஸ்ட் கம்பெனிக்கு விற்றார்.

அதன்பின் பரீட்சையும் பயிற்சியும் ஒன்றையொன்று தொடர்ந்து மாற்றிக்கொண்டே வந்தன. 1994இல் கட்டுரை எழுதும் பகுதி சேர்ந்தது. உடனே பயிற்சியாளர்கள் கட்டுரைக்கு ஓர் எலும்புக்கூட்டை வகுத்துக் கொடுத்தார்கள். கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் 1999 முதல் மனிதரோடு கம்ப்யூட்டரும் பங்குகொண்டது. ஹார்வர்டு வியாபாரப் பள்ளியோ, 1980களின் நடுவில் இந்த மதிப்பெண்ணே வேண்டாம் என்று விட்டுவிட்டு, பத்தாண்டுக்கு மேல் கழித்து மறுபடியும் கேட்கலாயிற்று. பெரிய மாறுதல் 1997இல் வந்தது. காகிதமும் பென்சிலும் போய், கம்ப்யூட்டர் முன் அமர்ந்த மாணவனுக்கு நடுத்தரமான ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். எதையும் விட்டுச்செல்லக் கூடாது, திரும்பிப்போய்த் திருத்தவும் கூடாது என்பது அன்றைய விதி. அடுத்தடுத்து அமர்ந்த இருவருக்கு ஒரே வினாத்தாள் கிடையாது. கேள்வி எளிதாகத் தோன்றினாலே தாம் தவறு செய்துவிட்டோமோ என்று நடுங்கும் ஒரு புதுவிதமான பயம் அன்று பிறந்தது. முதல் பத்துக் கேள்விகள்தாம் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன என்ற வதந்தியும் கிளம்பியது. பரீட்சையாளர்கள் மறுத்தும் அது மாணவர்களிடையே நிலைத்தது.

வருஷம் முழுவதும் பரீட்சை நடப்பதால் ஒரே கேள்வித் தொகுதி திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. எனவே ஞாபகசக்திக்கு மீண்டும் விலை வந்தது. காப்லனின் விருந்தில் குற்றமற்ற ஆராய்ச்சியாயிருந்த காரியம் இப்போது திருட்டின் எல்லையைத் தொட்டது. சீனத்தில் எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவுகூர்ந்த கேள்விகளைத் தொகுத்து ஜி ஜிங் என்ற பெயரில் வழங்கினார்கள். பீகிங் சர்வகலாசாலையில் ஆங்கில ஆசிரியராயிருந்த யூ மின்ஹோங் 1993இல் தொடங்கிய நியூ ஓரியண்டல் பள்ளியின்மேல், கேள்விகளை அனுமதியின்றி அச்சிட்டதாக அமெரிக்கப் பரீட்சை ஸ்தாபனங்கள் வழக்குத் தொடுத்தன. பீகிங் நீதிமன்றம் 2003இல் பள்ளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலேயே 2008இல், நடப்புக் கேள்விகளை விற்ற ஓர் இணையதளத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது; அதனோடு சம்பந்தப்பட்ட 84 பேரின் மதிப்பெண்கள் ரத்தாயின. இந்த இடத்தில் நான் பரீட்சையாளர்களின் பக்கமே நிற்கிறேன். கேள்வியின் இயல்பைக் கற்பது வேறு, அந்தக் கேள்வியையே முன்கூட்டி வாங்குவது வேறு. இரண்டாவதைச் செய்கிறவன் தன்னைப் போலவே ராத்திரி கண்விழித்துப் படித்த இன்னொருவனின் இடத்தைப் பறிக்கிறான்.

நம் நாட்டு நிர்வாகக் கல்வி நிலையங்களின் பிரவேசப் பரீட்சையான கேட்டிலும் இந்தச் சரித்திரம் வேறு வேஷத்தில் நடந்தது. பம்பாயில் ஐ.எம்.எஸ். 1977இலும், ஹைதராபாத்தில் டைம் 1992இலும் தோன்றிக் கிளைகள் பரப்பின. பர்சன்டைல், மாக் டெஸ்ட் என்ற சொற்கள் நடுத்தரக் குடும்பங்களின் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் புகுந்தன. 2003 நவம்பரில் வினாத்தாள் முன்னதாகவே வெளியாகி, பரீட்சை ரத்தாகி, மறு பிப்ரவரியில் திரும்ப நடத்தப்பட்டது. 2009இல் கேட்டும் கம்ப்யூட்டருக்கு மாறியது.

ஜிமேட் 2023 நவம்பரில் மறுபடியும் உருமாறியது. கட்டுரை போயிற்று; வாக்கியத் திருத்தமும் க்ஷேத்திர கணிதமும் போயின. இரண்டே கால் மணி நேரத்தில் 64 கேள்விகள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. டேட்டா சஃபிஷியன்சி கணக்குப் பகுதியை விட்டு, அட்டவணைகளையும் படங்களையும் ஆராயும் புதிய பகுதியில் குடியேறியது. கால் நூற்றாண்டுக்குமேல் மறுக்கப்பட்டிருந்த ஓர் உரிமையும் திரும்பக் கிடைத்தது: ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நேரம் மிஞ்சினால் பின்னே சென்று மூன்று விடைகள்வரை மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் போராடுவது, எதைக் குறித்துவைத்துவிட்டு நகர்வது, அந்த மூன்று திருத்தங்களை எவற்றுக்காகச் சேமித்துவைப்பது என்பதற்கு இப்போது பயிற்சி வகுப்புகளில் தனிப் பாடமே நடக்கிறது.