சபைக் காசு நின்ற இடம்

லயத்து வீட்டில் அண்ணனுக்குக் கல்யாணம் பேசினால், கூடவே ஒரு கேள்வியும் வரும்: எங்க படுக்கிறது? இருப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. இஸ்தோப்பை அடைத்துத் தகரம் போட்டால் புது ஜோடிக்கு ஒரு அறை கிடைக்கும். அதுக்கும் துரையிடம் கேட்கணும். சுவர் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது.

"பிரதேச சபை ஒன்னும் செய்யாதா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "அது ரோட்டு வரைக்குந்தான்" என்றார் அப்பா. சலிப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். சட்டமே அப்படித்தான் இருந்தது என்று பிறகு வாசித்துத்தான் தெரிந்தது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம், 33ஆம் பிரிவு. நடைமுறையில் அது சபைப் பணத்தைத் தோட்டத்து வாசலில் நிறுத்தி வைத்தது. பக்கத்துக் கிராமத்துக்குப் பாதை, கிணறு, தெருவிளக்கு, வாசிகசாலை எல்லாம் சபை செய்யலாம். தோட்டத்தை நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும்!

இந்தக் கோடு 1987இல் போட்டதில்லை. பண்டாரநாயக்க உள்ளூராட்சி அமைச்சராக இருந்த 1937லேயே, கிராமச் சபை வாக்குரிமை தோட்டத் தொழிலாளர்களுக்கு மறுக்கப்பட்டது. 1948இல் குடியுரிமையே போனது. 1988 சட்டத்தாலும் 2003 சட்டத்தாலும் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, வாக்கும் வந்தது. அதுக்குப் பிறகுதான் வேடிக்கை. சபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருவார்கள். ஜெயித்த உறுப்பினரும் நம்ம ஆளாகவே இருப்பார். ஆனால் ஓட்டுப் போட்டவர் வீட்டுப் படிக்கட்டைக் கட்ட சபையில் காசு ஒதுக்க முடியாது.

தனியார் காணி என்ற சாக்கும் சரியில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம்தான் கம்பெனிகளுக்குப் போனது, காணி அரசுடையதாகவே இருந்தது. அரசாங்கக் காணியில் இருக்கிற சனத்துக்கு அரசாங்கப் பணம் போகாது என்றால், அதுக்கு வேறு காரணம் இருக்கணும். அது என்னவென்று 1937ஐயும் 1948ஐயும் பார்த்தால் விளங்கும்.

2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு சூடுபிடித்தது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்த இன்னும் 10,000. எண்ணிக்கை லயங்களுக்கு முன்னால் சின்னதுதான். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தால், கிடைக்கிற ஒரு வீடு யாருக்கு, நேற்றுக் கல்யாணம் கட்டிய பிள்ளைக்கா? கிடைத்த இடத்திலும் வீடு மட்டும் போதுமா? பாதை, குப்பை, விளக்கு, விளையாட எடம் எல்லாம் வேணும். இவையெல்லாம் சபை வேலை.

33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே வருசத் தேர்தலுக்கு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகவும் பிரிக்கப்பட்டன.

இப்ப சபை தோட்டத்துக்குள்ள வரலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. உங்க வட்டாரத்தில் 2018க்குப் பிறகு லயத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எதுக்குச் செலவழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்க. நாங்க எங்க சபைக்கு எழுதப் போகிறோம்.