வலியும் எண்ணமும்: திண்டிவனம் தந்த ஒரு வரலாறு

பிரம்மதேசத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர் மிகுதியும் கேட்பது தீராத இடுப்புவலி, மூட்டுவலி பற்றிய முறையீடே. "நான் என்ன பாவஞ் செய்தேனோ, ஐயரே" என்னும் கேள்வியும் அதனுடன் வரும். இக்கேள்வி வலியினின்று பிறப்பது. மீண்டும் வலியையே வளர்ப்பது. இதனை நமக்கு விளங்கவைத்த வரலாறு நம் அண்டையிலேயே தொடங்குகிறது.

1890களின் முற்பகுதியில் ஓர் இரவு, திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருந்த தத்தம் மனைவியருக்கு உதவும்படி இளம்பெண் ஐடா ஸ்கடரை வேண்டினர். மருத்துவரான அவர் தந்தையை, ஆடவர் என்பதால் ஏற்க மறுத்தனர். மூன்று பெண்களும் மாண்டனர். ஐடா மருத்துவம் பயின்று 1900இல் வேலூரில் தொடங்கிய பணியே பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. அங்கு 1946இல் வந்து சேர்ந்தார், 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட்.

தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்ட் கண்டது வேறு. உணர்விழந்த கை கொதிக்கும் பாத்திரத்தையும் விடுவதில்லை. உணர்விழந்த கால் புண்ணை மிதித்தே நடக்கிறது. வலியின்மையே அவ்வுறுப்புகளை அழித்தது. ஆகவே வலியை ஒரு கொடை என்று 1993இல் வெளிவந்த தம் நூலில் அவர் துணிந்து கூறினார். அச்சம், சினம், குற்றவுணர்வு, தனிமை, கையறுநிலை ஆகியவை வலியைப் பெருக்கும் என்பதையும் அந்நூலிலேயே விளக்கினார்.

இது அவர் ஒருவரின் கருத்தன்று. 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் கடுங்காயமுற்ற வீரருள் பெரும்பாலோர் வலிமருந்து கேட்கவில்லை என்பதை மருத்துவர் பீச்சர் கண்டார். காயம் அவர்களுக்குப் போர்முனையினின்று விடுதலை என்று பொருள்பட்டது போலும். தண்டுவடத்தில் வலிச்செய்தியைக் கூட்டியும் குறைத்தும் விடும் வாயில் ஒன்று உண்டு என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதனை இயக்குகின்றன என்றும் மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் கூறினர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டபோதிலும் அடிப்படை நிற்கிறது. நாட்பட்ட வலியிலோ, திருடன் போனபின்னும் காவலாள் கூவிக்கொண்டேயிருப்பதுண்டு.

இதனால் வலி வெறும் மனப்பிரமை என்றாகாது. யோபின் நண்பர்கள் செய்த பிழையை வேறு சொற்களில் செய்வதாகவே அது முடியும்.

அப்பிழையை நாமும் செய்தோம். பல்லாண்டு முதுகுவலியால் வருந்திய ஒரு தாயாரிடம், விசுவாசம் பெருகினால் வலி நீங்கும் என்றோம். அடுத்தமுறை சென்றபோது, வலி இல்லை என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். வலியோடு அச்சத்தையும் நாமே ஏற்றிவைத்திருந்தோம். இப்போது அவ்வீட்டில், இரவு உறங்கினீர்களா என்றே முதலில் கேட்கிறோம். ஜெபம் அதன் பின்னரே.