இரண்டரை நூல் ஸ்பானர்

சென்ற ஆண்டு ஆடியில், குளித்தலைக்கு அருகே ஒரு சிற்றூரில், மாட்டுக் கொட்டகையின் மூலையில் அந்தப் புல்லட்டைக் கண்டோம். இருக்கையின் மேல் வைக்கோல். அடியில் கோழி அடைகாத்த கூடை. இரு டயர்களும் காற்றிழந்து மண்ணில் புதைந்திருந்தன. 1978ஆம் ஆண்டு வண்டி என்றது ஆர்.சி. புத்தகம். உடையவர் காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவருடைய மனைவி பதினெட்டாயிரம் கேட்டார். பேரம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர், "ஓடுச்சுன்னா ஒரு தடவை இங்க கொண்டாந்து காட்டுங்க சார். சத்தம் கேட்டாப் போதும்" என்றார்.

நாங்கள் என்றால் இருவர்; ஒரே கல்லூரியில் ஒருவர் தமிழ்த்துறை, மற்றவர் இயற்பியல் துறை. தனியாக வாங்கியிருந்தால் வீட்டில் முழுச்சண்டை வந்திருக்கும். கூட்டாக வாங்கியதால் ஆளுக்குப் பாதியோடு போயிற்று. வண்டியை ஒரு சிறு லாரியில் ஏற்றித் திருச்சி பாலக்கரைக்குக் கொண்டுவந்து, புல்லட்டைத் தவிர வேறெதையும் தொடாத ஒரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்தோம். வயது அறுபத்தெட்டு. அவரை எல்லாரும் பாய் என்றே அழைக்கிறார்கள், நாங்களும் அப்படியே.

கிக்கரை மிதித்தால் அசையவில்லை. இன்ஜின் பிடித்துப்போயிருந்தது. பாய் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாரம்தான் எங்களை இந்த வண்டியின் வரலாற்றைத் தேட வைத்தது.

தேடல் ஊசியில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் உள்ள ரெட்டிச், ஊசி செய்தே பெயர் பெற்ற ஊர். 1851இல் ஜார்ஜ் டவுன்சென்ட் அங்கே தொடங்கிய ஊசிப் பட்டறை, காலப்போக்கில் மிதிவண்டிப் பாகங்களுக்கும் பின்பு மிதிவண்டிக்கும் மாறியது. கைமாறிய அந்நிறுவனம் 1890களில் என்ஃபீல்டு ஊரிலிருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் பெற்றது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயரும், துப்பாக்கியைப்போல் செய்யப்பட்டது என்ற விளம்பர வாசகமும் அதிலிருந்தே வந்தன. 1901இல் முதல் மோட்டார் சைக்கிள். 1930களின் தொடக்கத்தில் தோட்டா என்று பொருள்படும் 'புல்லட்' என்ற பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல், பின்சக்கரத்துக்கும் சுருள்வில் தாங்கி வைத்துப் புதுவடிவில் வந்த புல்லட்டே நாம் இன்றும் சாலையில் அடையாளம் காணும் பழைய புல்லட்டின் மூதாதை.

அது சென்னைக்கு வந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக. எல்லைப்புற மலைச் சாலைகளில் சுற்றிவர வலுவான வண்டி தேடிய இந்திய இராணுவம் 1950களின் தொடக்கத்தில் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, மறு ஆண்டு திருவொற்றியூரில் ஆலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டித் தருவதுதான் வேலை. அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் ஆயின. 1957இல் அச்சுகளும் கருவிகளும் விற்கப்பட்டு இங்கே வந்தன. 1962 அளவில் எல்லாப் பாகங்களையும் இந்தியாவிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

திருவொற்றியூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. கடற்கரையோரம் பட்டினத்தாரின் சமாதி இருக்கும் ஊர் அது. பெரும் வணிகரான அவர் காதொடிந்த ஓர் ஊசியைக் கண்டு எல்லாவற்றையும் துறந்தார் என்பது கதை. ஊசி செய்த ஊரின் வண்டி, ஊசியால் துறவியானவரின் ஊருக்கு வந்து சேர்ந்ததில் எந்தக் காரணகாரியமும் இல்லை. துறைமுகம் பக்கம், நிலம் கிடைத்தது, அவ்வளவே. ஆயினும் தமிழ்த்துறையால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயற்பியல் துறை சிரித்துவிட்டுப் போயிற்று.

ஒரு வாரம் கழித்துச் சென்றபோது பிஸ்டன் விட்டுக்கொடுத்திருந்தது. பாய் தம் ஸ்பானர் பெட்டியைத் திறந்தார். பையனிடம் "இரண்டரை நூல் எடு" என்றார். எங்களுக்கு ஒரு கணம் புரியவில்லை. தச்சரும் கொத்தனாரும் கம்பிக்கடைக்காரரும் அறிந்த அளவுதான்: அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நூல். இரண்டரை நூல் என்றால் பதினாறில் ஐந்து. பழைய கீழ்வாய்க் கணக்கில் காலே மாகாணி. கல்லூரியில் கீழ்வாயிலக்கத்தை அருங்காட்சியகப் பொருளாகச் சொல்லித்தந்து வருகிறோம். இங்கே ஒருவர் எண்ணெய்க் கையோடு அதே பகுப்பைப் புழங்குகிறார்.

இதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியா எடை அளவுகளைத் தசம முறைக்கு மாற்றச் சட்டம் இயற்றியது 1956இல். திருவொற்றியூர் ஆலை திறந்த அதே ஆண்டு. நாடு சென்டிமீட்டருக்கும் கிலோவுக்கும் மாறியபோது, ரெட்டிச்சின் அச்சுகளோடு வந்த அங்குல மரைகள் மட்டும் புல்லட்டுக்குள் பல்லாண்டுகள் தங்கிவிட்டன. எங்கள் வண்டியின் பல நட்டுகளில் மில்லிமீட்டர் ஸ்பானர் சரியாக உட்காராது. வழுக்கி முனையை மழுக்கும். ஏற்கெனவே யாரோ மழுக்கியும் இருந்தார்கள்.

மூலம் என்ன ஆயிற்று? ரெட்டிச் தன் வண்டிகளை மாற்றிக்கொண்டே போனது. 1960களின் தொடக்கத்திலேயே அங்கே பழைய புல்லட் நின்றுவிட்டது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. எஞ்சிய பணி பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் அருகே நிலத்தடிக் கூடம் ஒன்றில் 1970வரை இழுத்துப் பறித்து நடந்தது. ஆக, மூல ஏடு அழிந்தது, பிரதி பிழைத்தது. 1977இல் அந்தப் பிரதி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

இதைச் சொல்லும்போது நம்மவர்கள் சற்றே மார்தட்டிக்கொள்வதுண்டு. மரபைக் காத்தோம் என்பார்கள். எங்களுக்கு அதில் முழு உடன்பாடில்லை. புல்லட் மாறாமல் இருந்ததற்குப் பக்தி காரணமல்ல. மாற வேண்டிய நெருக்கடி இல்லாததே காரணம். உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் போட்டி குறைவு. இராணுவமும் காவல்துறையும் நிலையான வாடிக்கையாளர்கள். கிராக்கி இருக்கும்போது ஆயில் கசிவைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வந்ததும் உண்மை தெரிந்தது. எடை குறைவு, எரிபொருள் குறைவு, உதைத்தால் உடனே கிளம்பும். திருவொற்றியூர் தள்ளாடியது, 1990இல் ஐஷரின் கை சேர்ந்து, 1994இல் நிறுவனமே அவர்களிடம் சென்றது. இரும்பு உருளை கொண்ட பழைய இன்ஜின் 2010 வாக்கில் விடைபெற்றது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் எழுந்த ஆலைகளிலிருந்து வரும் வண்டிகள் வேறு வகை. அவற்றைக் குறை சொல்ல எங்களுக்கு எதுவுமில்லை. ஆனால் பாயின் காது அவற்றுக்குத் தேவையில்லை.

ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் படிந்த கரியைப் பாய் சுரண்டினார். 040 என்ற எண் தெரிந்தது. பிறக்கும்போது 70 மி.மீ. விட்டமுள்ள உருளை அது, 90 மி.மீ. வீச்சோடு சேர்ந்து 346 சி.சி. அந்த உருளை தேயத் தேய அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது இருபதாகக் கடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். நாற்பது என்றால் இரண்டு முறை போர் போட்டிருக்கிறது. "இன்னும் ஒரு போர் தாங்கும் சார். அப்புறம் ஸ்லீவ்தான்." ஓர் எண்ணிலிருந்து அந்த மனிதர் ஓட்டிய ஆண்டுகளைப் பாய் கணித்த விதம், எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டின் காலம் சொல்பவரை நினைவூட்டியது.

மேலும் பிரிக்கப் பிரிக்க, பல கைகள் எழுதிய ஏடாக வண்டி விரிந்தது. 6 வோல்ட் மின்னமைப்பை யாரோ 12 வோல்ட்டாக மாற்றியிருந்தார். தொட்டியின் கறுப்புக்கு அடியில் சிவப்பு, சிவப்புக்கு அடியில் மீண்டும் கறுப்பு. அதன்மேல் ஆலையில் கையால் இழுத்த பொன்வரையின் ஒரு விரற்கடை மிச்சம். புல்லட்டின் வலப்புறம் குதிகாலால் மிதிக்கும் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. முதல் கியரைத் தவிர வேறு எந்தக் கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும். எங்கள் வண்டியில் அது ஆலை வார்ப்பு அன்று. உடைந்துபோனதற்குப் பதிலாக எந்த ஊர்க் கொல்லரோ உலையில் காய்ச்சி அடித்துச் செய்தது. சுத்தியல் தடம் அப்படியே இருந்தது.

இயற்பியல்காரர் புதியதை வாங்கிப் பூட்டிவிடலாம் என்றார். வண்டி 1978இல் எப்படி இருந்ததோ அப்படியே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. எந்த 1978? ஆலை வாசலில் நின்றபோதா, அவர் ஓட்டியபோதா? பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் எல்லாரும் சந்தித்த கேள்விதான் இது. இடைச்செருகலை நீக்கினால் மூலம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. சில நேரம் அந்தச் செருகல்தான் நூலைக் கறையானிடமிருந்து காப்பாற்றியிருக்கும். அந்த நெம்புகோல் இல்லாவிட்டால் வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். பாய் டீ குடித்துவிட்டு, "நல்லாத்தானே சார் வேலை செய்யுது" என்றார். நெம்புகோல் தங்கியது.

மற்றவை வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை. தொட்டிக்குள் மண்ணெண்ணெயும் பொடிக்கல்லும் போட்டுக் குலுக்கித் துரு நீக்கி, புளிக்கரைசலால் கழுவினோம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் குழாய்களையும் வாஷர்களையும் மாற்றினோம். பாயிண்ட், கண்டென்சர், கிளட்ச் பிளேட், டயர்கள் புதியவை. நடுவே துளைவிழுந்து தொங்கிய நீண்ட சைலன்சரைக் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போட்டு, கடைத்தெருவில் கிடைத்த குட்டையான ஒன்றைப் பூட்டினோம். வாரிசுச் சான்றும் பதிவுப் புதுப்பிப்பும் தனிக் காண்டம். அதை இங்கே பாடப் போவதில்லை.

தை மாதம் இரண்டாம் வாரத்தில் உயிர் வந்தது. இந்த வண்டியை எடுத்த எடுப்பில் உதைக்கக் கூடாது. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும்போது டிகம்ப்ரஷரை இழுத்து இன்னும் சற்றே அழுத்தி, கிக்கரை மேலே வரவிட்டுப் பிறகு ஒரே சீராக மிதிக்க வேண்டும். முறை தவறினால் திருப்பி உதைக்கும். எங்களில் ஒருவரின் முழங்கால் அதற்குச் சாட்சி. ஏழாவது மிதியில் கிளம்பியது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்பது ஆண்டுகளில் அவரிடம் தொழில் கற்றவர்கள் பலர். இப்போது இருப்பது அந்தப் பையன் ஒருவன்தான், அவனும் கைப்பேசி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் குளித்தலைப் பக்கம் ஓட்டிச் சென்றோம். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். இன்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் தூரம் போய் வரச் சொன்னார். அவ்வாறே தெருக்கோடிவரை போய்த் திரும்பினோம்.

"வண்டி அவருடையதுதான். சத்தம் அவருடையது இல்லையே" என்றார். "அது தெருமுனையில வரும்போதே நெஞ்சுல கேக்கும். இது காதுல கேக்குது."

பாயிடம் வந்து சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. பாயிண்ட் தட்டின் திருகைத் தளர்த்தி மயிரிழை பின்னுக்குத் தள்ளிவைத்தார். "இதுல பாதி வரும். மீதி அந்தப் பழைய சைலன்சர்ல இருக்கு. அதை எதுக்கு எடைக்குப் போட்டீங்க?"

நெம்புகோலுக்காக ஒரு மாலை வாதிட்டவர்கள், சைலன்சரை ஒரு கணமும் யோசிக்காமல் எடைக்குப் போட்டிருக்கிறோம். இரும்புக்கடைக்காரர் அந்தச் சுமை அப்போதே உருக்கு ஆலைக்குப் போய்விட்டது என்கிறார். அதே நீளத்தில், அதே காலத்து ஒன்று கிடைக்குமா என்று சனிக்கிழமைதோறும் ஊரின் பழைய இரும்புக்கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். இதுவரை இரண்டு கிடைத்தன. இரண்டும் அடிப்புறம் அரித்தவை. சிறியதாக அரித்திருப்பதைத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார்.