பாதணி கடந்து வந்த பாதை



பாடசாலைத் தவணை ஆரம்பமாகும் வேளையில், நம் இல்லங்களில் புதிய சப்பாத்துப் பற்றிய பேச்சு எழுவது வழமை. “சப்பாத்து” என்னும் சொல், 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்ததாகும். பாதணியின் வரலாறோ அதனிலும் மிகத் தொன்மையானது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் குகையொன்றில் 1938இல் கண்டெடுக்கப்பட்ட செருப்புகள் 9,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவை செடியின் பட்டையை முறுக்கிப் பின்னப்பட்டவை. ஆர்மீனியக் குகையொன்றில் 2008இல் கிடைத்த சப்பாத்து சுமார் 5,500 ஆண்டுகள் பழைமையானது. ஒரே மாட்டுத்தோல் துண்டினால் ஆனது. முள்ளிலும் குளிரிலுமிருந்து பாதத்தைக் காப்பதே இவற்றின் நோக்கம்.

காலப்போக்கில் அங்கே பெருமை புகுந்தது. எகிப்திய மன்னன் துத்தன்காமுனின் கல்லறை 1922இல் திறக்கப்பட்டபோது, பாதம் பதியும் இடத்தில் கட்டுண்ட பகைவரின் உருவங்கள் தீட்டப்பட்ட பாதணிகள் கிடைத்தன. அடிதோறும் மனிதனை மிதிக்கும் எண்ணம்! நபி (ஸல்) அவர்களோ தமது பாதணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

19ஆம் நூற்றாண்டிலும் நல்ல சப்பாத்து ஏழைக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது. தோலைக் கால் அச்சின்மீது இழுத்து அடித்தோலுடன் பொருத்தும் வேலையைக் கைத்தேர்ச்சி பெற்றோர் மட்டுமே செய்தனர். ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 50 சோடிகளையே முடித்தார். இத்தடையை நீக்கியவர் 1852இல் சுரினாமில் பிறந்த ஜான் மட்ஸெலிகர். ஆபிரிக்க வம்சாவளித் தாயின் மகனான அவர், 10 வயதிலேயே இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1877இல் அமெரிக்காவின் லின் நகரில் குடியேறி, பகலில் சப்பாத்துத் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் ஆங்கிலமும் இயந்திரவியலும் கற்றார். பணமின்மையால் தம் கண்டுபிடிப்பின் மூன்றில் இரண்டு பங்கைப் பிறருக்குக் கொடுத்தே பணியைத் தொடர்ந்தார். 1883இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வியந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 சோடிகள் வரை முடித்தது, விலையும் இறங்கியது. அவரோ 1889இல், 37 வயதை எட்டுமுன், காசநோயால் மரணமடைந்தார்.

இளைஞர்களே! நீங்கள் இலகுவாக அணியும் சப்பாத்துக்குப் பின்னால் அத்தகைய மனிதரின் உறக்கமற்ற இரவுகள் உள்ளன. அதிலுள்ள நிறுவனப் பெயரைக் கொண்டு எவரையும் அளவிடாதீர்கள். பெற்றோர்களே! பிள்ளைக்குப் புதிய சோடி வாங்கும் நாளில், அதே வகுப்பில் கிழிந்த சப்பாத்துடன் வரும் பிள்ளையையும் ஒருகணம் நினையுங்கள். இயன்றால் இரண்டாவது சோடியொன்றையும் வாங்குங்கள். அதனைப் பிறர் அறியாமல் கொடுங்கள். பாதத்தைக் காக்க வந்த பொருள் ஒரு பிள்ளையின் மனத்தையும் காக்கட்டும்.